ஆந்திரப் பெயர் தாங்கிய ஒரு சிற்றுயிர்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில், விண்ணப்பத் தாளின் ஓரிடத்திற்கு வந்ததும் சற்றே தயங்கி நிற்பதுண்டு. ‘இண்டி பேரு’ என்று அங்கே கேட்கப்பட்டிருக்கும். வீட்டுப் பெயர் என்பது அதன் பொருள். தெலுங்கு மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. அதனை முன்னும், தம் சொந்தப் பெயரைப் பின்னும் வைத்து அவர்கள் எழுதுவர். நமக்கோ தந்தையார் பெயரின் முதலெழுத்தே துணை. ஆகவே, சிலர் அவ்விடத்தில் ஊர்ப்பெயரை எழுதுகின்றனர். சிலர் பாட்டனார் பெயரை எழுதுகின்றனர். எழுத்தர் வினவினால் ஒரு விளக்கமும் தருகின்றனர்.

இச்சிறு செய்தியை இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. உலகத்து உயிர்களுக்கெல்லாம் விஞ்ஞானிகள் பெயரிடும் முறை, தெலுங்கு மக்களின் இம்முறையையே பெரிதும் ஒத்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், செடிகொடிகளுக்கு 1753 ஆம் ஆண்டிலும், விலங்குகளுக்கு 1758 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களின் வாயிலாக இதனை நிலைநாட்டினார். ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான பெயர் உண்டு. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். அதுவே வீட்டுப் பெயர். இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். அது அவ்வுயிரின் சொந்தப் பெயர்.

நம் கண்ணெதிரே உள்ள சேஷாசல மலைக்காட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். செம்மரத்தின் விஞ்ஞானப் பெயர் டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ். வேங்கை மரத்தின் பெயர் டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம். ஒன்று சிவந்த மரத்திற்காகக் கடத்தப்படுவது. மற்றொன்று பிசினுக்கும் மருந்துக்கும் பெயர் பெற்றது. தச்சர் இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்லார். ஆயினும் பூவையும் காயையும் ஆராய்ந்த தாவர நூலார், இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கண்டு, ஒரே வீட்டுப் பெயரைச் சூட்டினர்.

புதிய சிற்றினம் ஒன்றைக் கண்டறிதல் அரிய செயலே எனினும், ஆண்டுதோறும் உலகில் ஆயிரக்கணக்கில் நிகழ்ந்து வருவது. புதிய பேரினத்தை நிறுவுதல் அதனினும் அரியது. ‘இவ்வுயிர் இதுவரை அறியப்பட்ட எந்த வீட்டையும் சேர்ந்ததன்று, இதற்கென ஒரு புதுவீடு வேண்டும்’ என்று உலக அறிஞர் முன்னிலையில் நின்று சொல்லுதல் அதுவாகும். அவ்வாறான புதுவீடு ஒன்று 2011 ஆம் ஆண்டில் நாம் வாழும் இந்த ஆந்திர நாட்டின் பெயரால் எழுந்தது. அதன் பெயர் ஆந்திரகாய்டஸ். அவ்வீட்டில் முதற்கண் குடியேறிய சிற்றினம் ஆந்திரகாய்டஸ் ஷபுதீன். அதன் வரலாற்றையே இக்கட்டுரையிற் கூற விழைகின்றோம்.

இறாலின் உறவினர்

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றை நம் வீட்டார் நன்கு அறிவர். சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியிலிருந்தும், நெல்லூர்க் கரையிலிருந்தும் வரும் இறாலை விலைபேசி வாங்காத தமிழில்லங்கள் இங்குச் சிலவே. உடல்மேல் ஓடும், கணுக்கணுவான கால்களும், இரண்டிணை உணர்கொம்புகளும் உடைய இவ்வகுப்பு உயிர்களைக் கிரஸ்டேசியன்கள் என்பர். இவற்றுள் இதுவரை 60,000-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றுள்ளன. நாம் உண்பவை அவற்றுள் மிகச் சில. எஞ்சியவற்றுட் பல, கடுகினும் சிறியன. சில, பூதக்கண்ணாடிக்கும் புலப்படாதன. நீருயிர்களின் உடலில் ஒட்டி வாழும் ஒருவகை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நீளமில்லாதது. கிரஸ்டேசியன்களின் தொல்லில்லம் கடல். நன்னீரிலும் நிலத்திலும் வாழ்வன, கடலிலிருந்து வெவ்வேறு காலங்களில் பிரிந்து வந்தவை.

இவற்றுள் ஒரு பிரிவு ஐசோபோடுகள் எனப்படும். ஏழு இணை நடைக்கால்கள் பெரும்பாலும் ஒரே தன்மையவாக இருத்தலின் இப்பெயர் வந்தது. வீட்டில் பூந்தொட்டியை நகர்த்தினால் அடியிலிருந்து ஓடும் சாம்பல் நிறச் சிறு பூச்சி ஓர் ஐசோபோடே. மீனை ஆயும்பொழுது செவுளுக்குள் வெண்மையான பூச்சியொன்று ஒட்டிக்கொண்டிருத்தலைப் பெண்கள் கண்டிருப்பர். அதுவும் பெரும்பாலும் இவ்வினத்ததே. இவ்வுயிர்களில் தாய், முட்டைகளை நீரில் விட்டுவிடுவதில்லை. தன் மார்பின் கீழுள்ள பையில் வைத்துக் குஞ்சு வெளிவரும் வரையிற் காக்கிறது.

கிணற்றுவாசி

1880 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நிலத்தடி நீரில் வாழும் உயிர்களைப்பற்றி விஞ்ஞானிகள் அறிந்திருந்தது சிறிதே.  அவ்வறிவை இரு கிணறுகள் வளர்த்தன. ஐரோப்பாவில் பிராகு நகரத்துக் கிணறொன்றில் கண்டெடுத்த பாதினெல்லா என்னும் நுண்ணிய கிரஸ்டேசியனை வெய்டாவ்ஸ்கி என்ற அறிஞர் 1882 ஆம் ஆண்டில் விவரித்தார். அதற்கு அடுத்த ஆண்டில், உலகின் மறுகோடியிலுள்ள நியூசிலாந்தில், ஏர்ட்டன் என்னும் ஊரின் கிணற்றிலிருந்து மேலே வந்த கண்ணில்லாத உயிர் ஒன்றைச் சார்லஸ் சில்ட்டன் என்பவர் விவரித்தார். அதற்கு அவர் பிரியாட்டாய்க்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் கிணற்றில் குடியிருப்பது என்பது அதன் பொருள். நம் மொழியிற் கிணற்றுவாசி எனலாம்.

இக்கிணற்றுவாசி ஐசோபோடுகளுள் ஒன்றாயினும், தோற்றத்தில் அவற்றினின்றும் வேறுபட்டது. பூந்தொட்டிப் பூச்சி மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையாயிருக்கும். கிணற்றுவாசியோ, இருபக்கமும் அழுத்தியதுபோல் ஒடுங்கி, இறாலை நினைவூட்டும். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதன் உறவினங்கள் பல கிடைத்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் நிக்கோல்ஸ் என்பார் இவற்றையெல்லாம் தொகுத்து, 1943, 1944 ஆம் ஆண்டுகளில் பெரியதோர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார்.

இந்தியாவில் இவ்வினம் உண்டென்பதை முதன்முதல் உணர்த்தியது காசி. அந்நகரத்துக் கிணறுகளிற் கிடைத்த உயிரைச் சோப்ரா, திவாரி என்னும் இரு விலங்கியலார் ஆராய்ந்து, 1950 ஆம் ஆண்டில் அதனைப் புதிய பேரினமாக அறிவித்தனர். நிக்கோல்ஸ் பேராசிரியரைப் போற்றி நிக்கோல்சியா என்று பேரினத்திற்கும், காசியை நினைந்து காசியென்ஸே என்று சிற்றினத்திற்கும் பெயரிட்டனர். 1955 ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள மோங்கீரிலிருந்து அதே வீட்டின் மற்றொரு பிள்ளையைத் திவாரி அறிமுகம் செய்தார். இவ்விரண்டும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. விந்திய மலைக்குத் தெற்கே இவ்வினத்தின் செய்தி நெடுங்காலம் வெளிவரவில்லை.

பிலத்தில் கிடைத்த பேரினம்

குண்டூருக்கு அருகே நாகார்ஜுன நகரில் 1976 ஆம் ஆண்டில் தோன்றியது ஆசார்ய நாகார்ஜுனா பல்கலைக் கழகம். அதன் விலங்கியற் பேராசிரியர் எனுமுல ரங்கா ரெட்டியார், நீரில் வாழும் நுண்கிரஸ்டேசியன்களை ஆராய்வதிற் பல்லாண்டு செலவிட்டவர். ஆற்று மணலுக்குள்ளும், கிணற்றடியிலும், குகை நீரிலும் வாழ்வனவற்றை அவரும் அவருடைய மாணவரும் தேடித் தேடித் திரட்டினர். ஆந்திர நாட்டின் நிலத்தடியிலிருந்து புதிய சிற்றினங்கள் பலவற்றை உலகிற்கு அறிவித்த பெருமை அக்குழுவினருக்கு உரியது.

இன்று பல்நாடு மாவட்டத்திலுள்ள பிடுகுராள்ளாவுக்கு அண்மையில் குத்திகொண்ட பிலம் என்னும் சுண்ணாம்புக்கல் குகை உள்ளது. பிலம் என்ற சொல் நமக்கும் உரியதே. முசுகுந்தன் உறங்கிய இடம் அது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. திருவாரூர்ப் புராணத்தால் முசுகுந்தச் சக்கரவர்த்தியை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பூட்டக்கூடும். அக்குகையின் இருண்ட நீரிலிருந்து கிடைத்த உயிரே நம் கட்டுரையின் தலைவன். அதற்குக் கண்ணில்லை, உடலில் நிறமுமில்லை. ஒளியே புகாத இடத்தில் இவ்விரண்டாலும் பயனில்லை அன்றோ?

இவ்வுயிரை ஆராய்வதில் ரங்கா ரெட்டியாருடன் சேர்ந்தவர், சிட்னி நகரிலுள்ள ஆஸ்திரேலியக் காட்சிச் சாலையின் ஜார்ஜ் வில்சன் என்பார். கிணற்றுவாசிகளின் குடும்ப வரலாற்றில் அவர் துறைபோகியவர். இருவரும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, ‘சூடாக்ஸா’ என்னும் விலங்கியல் வெளியீட்டில் 2011 ஆம் ஆண்டில் வந்தது. பேரினப் பெயரில் ஆந்திரம் இடம்பெற்றது. நிலத்தடி உயிர்களை ரங்கா ரெட்டியாருடன் ஆராய்ந்த ஷபுதீன் ஷேக் என்பவரின் பெயர், சிற்றினப் பெயராயிற்று. பிற்காலத்தில், நந்தியால் மாவட்டத்துப் பெலும் குகையிலிருந்தும் இப்பேரினத்தின் இன்னொரு சிற்றினம் விவரிக்கப்பட்டது. அக்குகையின் உள்வழிகளை ஆராய்ந்து அளந்த ஜெர்மானியர் கெபாவரின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

வீட்டைத் தீர்மானிப்பது எவ்வாறு?

ஓர் உயிரைக் கண்டவுடனே ‘இது புதிது’ என்று கூவிவிட விஞ்ஞானத்தில் இடமில்லை. கிடைத்த உயிரை முதலிற் சாராயத்தில் இட்டுக் கெடாமற் காப்பர். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய ஊசிகளால் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பர். உணர்கொம்புகள், தாடைகள், ஏழிணைக் கால்கள், வயிற்றின் கீழுள்ள நீந்துறுப்புகள், வாலுறுப்புகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவர். நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தைத் தாளின்மேல் விழச்செய்யும் கருவியைக் கொண்டு, கோடு பிசகாமல் வரைவர். காலில் எத்தனை மயிர், அவற்றுள் முள்ளாயிருப்பவை எத்தனை, இறகுபோற் கிளைத்தவை எத்தனை என்று எண்ணி எழுதுவர். கல்லூசி பிடித்து வைரம் பதிக்கும் பொற்கொல்லருக்கு வேண்டிய கைப்பழக்கமும் பொறுமையும் இதற்கும் வேண்டும்.

இதன்பின் வருவது ஒப்பிடுதல். முன்னோர் விவரித்த உறவினங்கள் அனைத்தையும், எம்மொழியில் எழுதப்பட்டிருப்பினும், எந்நாட்டுக் காட்சிச் சாலையில் உடல் வைக்கப்பட்டிருப்பினும், தேடிப் பார்த்தாக வேண்டும். ஓரிரு மயிரும் முள்ளும் மட்டும் வேறுபட்டால், பழைய வீட்டில் புதிய பிள்ளை என்று சிற்றினத்தை மட்டும் அறிவிப்பர். தாடையும் காலும் வாலும் கூடிநின்று வேறுபட்டு, அவ்வேறுபாடுகள் ஒரு தனி மரபின் அடையாளமாகத் தோன்றினாலே புதுவீட்டைப்பற்றி எண்ணுவர். குத்திகொண்ட பிலத்து உயிர் அத்தகையது. அது நிக்கோல்சியாவின் உறவினமே. இரண்டும் ஹிப்சிமெட்டோப்பிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும், நிக்கோல்சியா என்னும் வீட்டிற்குள் அதனை அடக்க இயலவில்லை. காசியிலிருந்து வந்த வீட்டுப் பெயரை அதற்குச் சூட்டுதல் பொருந்தாதென்று இரு அறிஞரும் முடிவு செய்தனர்.

பெயரிடுதற்கும் சட்டம் உண்டு. விலங்குகளின் பெயர் பற்றிய உலகப் பொதுவிதிகள், பெயர் இலத்தீன் எழுத்தில் அமைதல் வேண்டும் என்கின்றன. பிறவற்றினின்றும் இவ்வுயிரைப் பிரித்துக்காட்டும் இயல்புகள் எழுத்தில் வெளியிடப்படுதல் வேண்டும். சிற்றினத்திற்கு ஆதாரமாக ஓர் உடல், மாதிரியுடல் என்று குறிக்கப்படுதல் வேண்டும். பிற்காலத்தவர் வந்து சரிபார்க்கும் பொருட்டு அதனைக் காட்சிச் சாலை போன்ற இடங்களில் காத்து வைப்பர். புதிய பேரினமாயின், அதற்கு மாதிரிச் சிற்றினம் எது என்பதும் குறிக்கப்படுதல் வேண்டும். வீட்டுமனைப் பத்திரத்தில் நான்கெல்லையும் சாட்சிக் கையெழுத்தும் இன்றியமையாதன ஆதல்போல, இவையும் இன்றியமையாதன. ஆந்திரகாய்டஸ் பேரினத்திற்கு அத்தகைய மாதிரிச் சிற்றினம் ஷபுதீன் ஆகும்.

இத்தனை எச்சரிக்கையோடு செய்யினும், வீட்டுப் பெயர் அறிஞரின் தீர்ப்பேயன்றி இயற்கை எழுதிவைத்த கல்வெட்டன்று. அதற்கும் நம் அடுக்களையிலேயே சான்றுண்டு. வரி இறாலுக்குப் பெனியஸ் என்னும் வீட்டுப் பெயரை டென்மார்க்கு நாட்டு ஃபாப்ரீசியஸ் 1798 ஆம் ஆண்டிற் சூட்டினார். நம் வெள்ளை இறாலும் பின்னர் அதே வீட்டிற் சேர்க்கப்பட்டுப் பெனியஸ் இண்டிகஸ் எனப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் அவ்வீட்டைப் பல பங்காகப் பிரித்து, வெள்ளை இறாலை வேறு வீட்டிற்கு அனுப்பினர். மரபணுக்களை ஆராய்ந்த வேறு சிலர் அப்பிரிவினை செல்லாது என்றனர்; பலரும் பழைய பெயருக்கே திரும்பினர். இறாலின் சுவை மட்டும் மாறவில்லை. தீர்ப்பை மாற்றுவதற்கும் சான்று வேண்டும் என்பதே இத்துறையின் நேர்மை.

நிலம் பெயர்ந்த கதை

குகைக்குள் ஒரு சிற்றுயிர்க்கு எப்பெயர் இருந்தால் என்ன என்று வாசகர் சிலர் வினவலாம். வீட்டுப் பெயர் சரியாக அறியப்பட்டால், அவ்வீட்டார் எங்கிருந்து வந்தனர் என்பதும் விளங்கும். இங்கே விளங்கிய செய்தி மிகப் பெரியது.

ஹிப்சிமெட்டோப்பிடே குடும்பத்தின் ஏனைய வீடுகள் எங்குள்ளன? பர்மாவில் இல்லை, அரபு நாட்டில் இல்லை, இமயத்திற்கு அப்பாலும் இல்லை. அவை மேற்கு ஆஸ்திரேலியாவிலும், அந்நாட்டின் தென்கிழக்கிலும், டாஸ்மேனியாத் தீவிலும் உள்ளன. டாஸ்மேனியாவில் ஒன்று, நிலத்தில் வளை தோண்டும் நன்னீர்ச் சிங்கி இறாலின் வளைக்குள் அழையா விருந்தாளியாக வாழ்கிறது. இவையெல்லாம் நன்னீரை விட்டு விலகமாட்டாதவை. கடலை நீந்திக் கடக்க இயலாதவை. முட்டையும் காற்றில் பறந்து செல்லாது. அவ்வாறாயின், பல்நாட்டுக் குகைக்கும் டாஸ்மேனியாவிற்கும் இவ்வுறவு எவ்வாறு வந்தது?

அவ்வுயிர்கள் கடல் கடந்து வரவில்லை. அவற்றைத் தாங்கிய நிலமே கடல் கடந்து வந்தது. பண்டைக் காலத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவை ஒன்றாய் இணைந்திருந்தன. மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டின் பெயரால் அப்பெருநிலத்தைக் கோண்டுவானா என்று நிலநூலார் அழைக்கின்றனர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா, ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் விட்டுப் பிரிந்தது. பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவோடு மோதியது, இமயம் எழுந்தது. அந்நெடும்பயணம் முழுவதிலும் இச்சிற்றுயிரின் முன்னோர் நிலத்தடி நீரில், இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இன்னும் முன்னே சென்றால் கடலையே காண்கிறோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசான் கிரீக் என்னுமிடத்துக் கல்லுக்குள் கிணற்றுவாசி இனத்தின் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. அதற்கு ஹெஸ்லரெல்லா என்று 1970 ஆம் ஆண்டிற் பெயரிட்டனர். வயது 30 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஐசோபோடுகள் அனைத்திற்கும் பழைமையான சான்று அதுவே. அது வாழ்ந்த இடம் கடல். கடலில் பிறந்த குலம் கடலை இழந்தது. நன்னீரிற் புகுந்த கிளைகள் மட்டுமே எஞ்சின. அவற்றுள் சில, நிலத்தின் மேலிருந்து நிலத்தின் கீழும் சென்று மறைந்தன. குத்திகொண்ட பிலத்தில் நாம் காண்பது அத்தொல்குலத்தின் ஒரு கிளையாகும்.

சித்தூர் மாவட்டத்துத் தமிழர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும். வேலை நாடியும் வாணிகம் நாடியும் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெயர்ந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பாட்டனார் கட்டிய வீட்டைவிட்டு ஓரடியும் நகராமல், 1953 ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுதே வேறு மாநிலத்தவராகிவிட்ட குடும்பங்களும் உண்டு. 1960 ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது, அங்கிருந்த தெலுங்குக் குடும்பங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஊர் பெயர்ந்தவரும் உண்டு. எல்லை பெயர்ந்தவரும் உண்டு. ஆந்திரகாய்டஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் உறவினர் வாழும் பெர்த், மெல்போர்ன் நகரங்களின் சுற்றுப்புறத்திற்கு இன்று நம் பிள்ளைகள் விமானம் ஏறிச் செல்கின்றனர்.

நம் காலடியில்

இனி, நம் கவனத்திற்கு உரிய பகுதிக்கு வருவோம். நிலத்தடியில் வாழும் இவ்வுயிர்களுக்குப் பரந்த நாடு இல்லை. ஒரு குகை, ஒரு கிணற்றுத் தொகுதி, ஓர் ஆற்றின் மணற்படுகை ஆகியவையே பலவற்றின் உலகம். காட்டில் வாழும் மான், ஒரு மலை வறண்டால் மறுமலைக்குச் செல்லும். ஊற்றுக்கண் வறண்டால், அதில் வாழ்ந்த உயிர்க்குச் செல்வதற்கு வேறிடமில்லை. அவ்வாறு மறைவதை யாரும் காணவும் மாட்டார்.

நம் பெரியோர் காலத்தில் சித்தூர்ப் பக்கத்து வயல்களிற் கமலை கட்டி நீர் இறைத்த கிணறுகளை முதியோர் இன்றும் நினைவு கூர்வர். அவற்றுட் பல இன்று தூர்ந்து, குப்பை கொட்டும் குழிகளாகிவிட்டன. அவற்றின் இடத்தை ஆழ்துளைக் கிணறுகள் கொண்டன. முதலில் நூறு அடி; பின்னர்ப் பல நூறு அடி; சிலவிடங்களில் ஆயிரம் அடி தோண்டியும் புழுதியே மேலெழுந்தது. மாந்தோப்புக்கு நீரின்றி லாரித் தண்ணீர் வாங்கிய உழவர் துயரத்தை நாம் அறிவோம். அந்நீர்மட்டத்தோடு சேர்ந்து எத்தகைய சிற்றுயிர்கள் கீழிறங்கின, அவற்றுள் எவை மறைந்தன என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. பெயரில்லாத உயிர்க்கு இறப்புப் பதிவும் இல்லை.

இவ்வுயிர்களால் மனிதர்க்குப் பயனுண்டா என்று கேட்பின், உண்டு என்பதே விடை. மணலினிடையே படியும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மக்கிய பொருளையும் தின்று, நீர் ஊறிவரும் சிறு துளைகளை அடையாமற் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. அவை உயிரோடிருத்தல், நீர் நஞ்சாகவில்லை என்பதற்கும் ஓர் அறிகுறி. ஊருணியைத் தூர்வாரும் தோட்டியைப் போலப் புலப்படாமல் உழைப்பவை இவை.

இவற்றைத் தேடுவதற்குப் பெரும்பொருளும் வேண்டுவதில்லை. காய்ந்த ஆற்றில் மணலைக் கையாற் பறித்துக் குழியாக்குவர். பக்கத்திலிருந்து நீர் கசிந்து நிறையும்வரையிற் காத்திருந்து, அதனை முகந்து மெல்லிய வலையில் வடிகட்டுவர். ஐரோப்பிய விலங்கியலார் காரமன், ஷாப்புயி ஆகிய இருவரின் பெயரால் இம்முறை உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் பாலாற்றிலும், பொன்னையாற்றிலும், சுவர்ணமுகியிலும் கோடைகாலத்தில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் நீர் முகந்து, துணியில் வடிகட்டிக் குடத்தில் நிறைத்த நம் பாட்டிமார் செய்ததும் இதுவேயன்றோ! வடிகட்டிய துணியில் எஞ்சியதை நுண்ணோக்கியிற் பார்ப்பது ஒன்றே எஞ்சிய வேலை.

திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் 1954 ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக் கழகம் உண்டு. அங்கே விலங்கியல் பயிற்றப்படுகிறது. நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் பொறியியலையும் மருத்துவத்தையும் கணிப்பொறியையும் நாடுகின்றனர், அதில் தவறில்லை. ஆயினும், கூர்ந்து நோக்கும் கண்ணும், பொறுமையான கையும், படம் வரையும் ஆர்வமும் உடைய பிள்ளை ஒன்று நம் வீட்டில் இருக்குமாயின், ‘பூச்சியைப் பார்த்துக் காலம் கழிக்காதே’ என்று அதட்டாதிருப்போமாக. உயிர்களை இனம்பிரித்துப் பெயரிடும் கல்வியுடையோர் உலகெங்கும் குறைந்து வருகின்றனர். ஒருவர் ஓய்வு பெற்றால் அவ்விடத்தை நிரப்ப இன்னொருவர் இல்லாத குழுக்கள் பல. அலமாரிகளில் பெயரின்றிக் காத்திருக்கும் சாராயப் புட்டிகளோ எண்ணிறந்தவை.

பெரியோரும் ஒன்று செய்யலாம். வீட்டுக் கொல்லையிலோ, ஊரிலுள்ள பழைய நிலத்திலோ ஒரு திறந்த கிணறு இன்னும் நீருடன் இருக்குமாயின், அதனைக் குப்பையிட்டு மூடாமல், பிள்ளைகள் தவறி விழாதவாறு கம்பிவலையிட்டுக் காத்தல் நன்று. மழைநீர் அதிற் சேர வாய்க்கால் அமைத்தல் இன்னும் நன்று. குத்திகொண்ட பிலத்து உயிருக்குப் பெயரிட அறிஞர் இருவர் கிடைத்தனர். நம் கிணற்றில் உள்ளதற்கு இன்னும் எவரும் கிடைத்திலர். அவர் வரும்வரையில் நீரையேனும் வைத்திருத்தல் நம் கடமையாகும்.